மூன்று குருவித் தோரணம்

வான் வண்டி எங்கள் வாசல் படலையைத் தாண்டிப் போனது.

வேகமாகப் போயிருந்தால் வழி தெரியாமல் போகிறார்கள் என்று நினைத்திருப்பேன். இது அப்படியில்லை. படலையடியில் மெதுவாகி, கிட்டத்தட்ட நின்றே விட்டது. முன் கண்ணாடி ஒரு சாண் இறங்கியது. உடனே ஏறியது. பிறகு ஒரு உறுமல். செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு குளத்துப் பக்கமாகப் போய் மறைந்துவிட்டது.

நான் விறாந்தையில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். படலையடியில் நின்றது பக்கத்து வீட்டுப் பாக்கியம். விடியத்தொடக்கம் எங்கள் குசினியில் பலகாரம் சுட்டுக் களைத்து, அப்போதுதான் தலைக்கு முழுகிவிட்டு வந்து, கூந்தலை விரித்து உலரவிட்டபடி மாப்பிள்ளை வீட்டாருக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, வண்டி போயிருச்சுங்க!”

“எந்த வண்டி?” நம்ப மனமில்லாமல் கேட்டேன்.

“மாப்பிள்ளை வண்டிதாங்க. முன்னால பூமாலை எல்லாம் போட்டிருந்துச்சே. மீசைக்காரர் ஒருத்தர் என்னையப் பாத்தாரு. பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.”

மீசைக்காரர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அந்த மீசைக்கு இன்னொரு சொந்தக்காரர் வன்னியில் இல்லை. ஆகவே அது அவர்கள்தான். அன்றைக்கு என் மகள் நிரோவுக்கு எழுத்து. தாலி கட்டு பிறகுதான். அதற்கு முதல் பதிவாளரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சட்டப்படி கையெழுத்து வைக்கிற நாள். மாப்பிள்ளை வீட்டார் உடையார்கட்டிலிருந்து இவ்வளவு தூரம் வெளிக்கிட்டு, ஜெயபுரம் வரைக்கும் வந்து, எங்கள் வீட்டைப் பார்த்து, பார்த்தபின் போய்விட்டார்கள்.

பக்கத்தில் இருந்த கதிரையில் தொப்பென்று இருந்தேன்.

இருந்த வேகத்திலேயே எழும்பினேன். ஊசி.

ஊசி இல்லாத கதிரை

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஊசி இல்லாத கதிரை என்று ஒன்று இருக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வான் போனது போனதுதான். அது எங்கே போனதென்று பிறகு பார்ப்போம்.

பத்திரிகையில் இந்தப் பக்கத்தைக் கிழமைதோறும் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள், பயந்த பிறவி. மகளின் பஸ் கொஞ்சம் சுணங்கினால் கொண்டக்டருக்குப் போன் எடுக்கிற தாய். (கொண்டக்டர் நல்ல பிள்ளை. “ரீச்சர், உங்கட மகள் மூண்டாவது சீற்றில நித்திரை. எழுப்பட்டோ?” என்று கேட்பார்.) புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருசம் மாரி தொடங்குவதற்கு முதல், வயலுக்குப் போன என் கணவர் வரம்பில் இருந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. எத்தனையோ பெரிய ஆபத்துகளுக்குள்ளால் எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த மனிதர், ஒரு ஆபத்தும் இல்லாத ஒரு காலை நேரத்தில்.

அதற்குப் பிறகு எனக்கு அழுகை வந்தது குறைவு. என் கைகளுக்குத்தான் ஏதோ நடந்தது. சும்மா விட்டால் நடுங்கும். எதையாவது பிடிக்கக் கொடுத்தால் அடங்கும்.

முதலில் குறோசே ஊசியைக் கொடுத்தேன். கதிரை முதுகுக்குப் போடுகிற வெள்ளைத் துணி, வட்ட வட்டமாய், நடுவில் அன்னாசி உரு. அது முக்கால்வாசி வந்தபோது எனக்குப் பனையோலைப் பெட்டி இழைக்க வேண்டும்போல் ஆசை பிடித்தது. பெட்டி விளிம்பு கட்டுகிற நேரத்துக்கு வந்தபோது, பழைய சேலைகளைக் கிழித்துக் கால்மிதி பின்னத் தொடங்கினேன். பிறகு பூச்சாடி தொங்கவிடுகிற கயிற்று முடிச்சு வேலை. பிறகு தலையணை உறையில் மயில். மயிலுக்குத் தோகை வந்தது, கழுத்து வந்தது, கொண்டையும் வந்தது, கால் மட்டும் வரவில்லை. கால் தைப்பதற்கு இரண்டு நாள் வேலைகூட இல்லை. அதற்குள் எனக்கு ஸ்ரொக்கிங் துணியில் ரோசாப்பூ செய்யச் சொல்லித் தருகிற வீடியோ ஒன்று போனில் வந்துவிட்டது.

எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதற்குப் போகவில்லை. காலையில் தேநீர் கொதிக்கும் நேரம் கயிறு. பள்ளிக்கூட இடைவேளையில் குறோசே. பின்னேரம் கால்மிதி. விளக்கு வைத்தபின் ரோசாப்பூ. கறி தாளிக்கிற நேரத்தில்கூடச் சேலைக் கீலத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒருநாள் பத்தாம் வகுப்புக்குச் சமன்பாடு எழுதிக்கொண்டு நின்றபோது பிள்ளைகள் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், என் சேலைத் தலைப்பில் காலில்லாத மயில் குண்டூசியோடு தொங்கிக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடம் வந்திருக்கிறது.

பூச்செய்கிற பச்சைக் கம்பி அரிசி வாளிக்குள் இருந்தது. முத்து மணிகள் சீனிப் போத்தலுக்குள் இருந்தன. நிரோ ஒருநாள் தேநீரைக் குடித்துவிட்டு வாய்க்குள்ளிருந்து நீல முத்து ஒன்றை எடுத்து, என் முன்னால் மேசையில் வைத்தாள்.

பாக்கியத்தின் தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். இந்த ஊரிலேயே பிறந்தாலும் அவளுடைய பேச்சில் மலை இன்னும் இருக்கிறது. அவள்தான் இதற்குச் சரியான விளக்கம் தந்தாள்.

“அக்கா வீட்டுல கண்ண மூடிக்கிட்டு எங்க கைய வச்சாலும் ஏதாச்சும் குத்துதுங்க. முள்ளுக்காடுகூட இப்புடி இல்ல.”

எனக்கும் தெரிந்துதான் இருந்தது. எந்த வேலையும் முடிவுக்குக் கிட்ட வந்ததும் நெஞ்சு படபடக்கத் தொடங்கும். கடைசி முடிச்சைப் போட்டு, நூலை வெட்டி, இதோ முடிந்தது என்று கீழே வைப்பதை நினைத்தாலே வியர்க்கும். உடனே ஓடிப்போய் இன்னொன்றைத் தொடங்குவேன். தொடங்கும்போது வருகிற சந்தோசம் இருக்கிறதே, அதைச் சொல்ல முடியாது. புது நூல் வாங்கினால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல் சைக்கிளை உழக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ஊரில் சிலர் என்னைப் பார்த்து, “ரீச்சர் தேறியிட்டா” என்று சொன்னார்களாம்.

நிரோ அப்படி நினைக்கவில்லை.

நிரோ போட்ட நிபந்தனை

மாப்பிள்ளை சுதனைப் பேசி முடித்தது என் கணவர்தான். இரண்டு பக்கத்துக்கும் பிடித்துப்போய், நாள் வைக்க இருந்த நேரத்தில்தான் அவர் போனார். ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் ஒன்றும் இல்லை. சுதன் வீட்டார் பொறுமையாக இருந்தார்கள். வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிந்து சில நாள் கழித்து, சுதனின் தாய் தயங்கித் தயங்கிப் போன் எடுத்தா. நான் துள்ளிக் குதித்து “ஓம்” என்றேன். நிரோ “இல்லை” என்றாள்.

“இன்னும் ஒரு வருசம் போகட்டும் அம்மா.”

“ஏனடி? பெடியனைப் பிடிக்கேல்லையோ?”

“பிடிச்சிருக்கு.”

“பிறகென்ன?”

அவள் எழும்பி வீட்டைச் சுற்றிக் கையைக் காட்டினாள். கதிரைகளில், சன்னலில், அலுமாரிக் கதவில், சாமிப் படத்தட்டுக்குக் கீழே, எங்கும் அரையும் குறையுமாய்த் தொங்கிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் காட்டினாள்.

“இதுக்குள்ள உங்களைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?”

“இதெல்லாம் கைவேலையடி. நல்ல பழக்கம்.”

“கைவேலை எண்டால் முடிக்கவேணும். நீங்கள் ஒண்டையும் முடிக்கேல்லை. ஒண்டே ஒண்டை முடிச்சுக் காட்டுங்கோ, நான் எழுத்துக்கு ஓம் எண்டுறன். முடிக்காட்டி அடுத்த வருசம்.”

“உனக்கென்ன விசரே? எந்த ஊரில பிள்ளை தாய்க்குச் சோதனை வைக்கிறது?”

“நீங்கள் எனக்கு வைக்காத சோதனையோ?”

நான் அவளுக்குக் கணிதம் படிப்பித்த காலத்தை ஞாபகப்படுத்துகிறாள் என்று விளங்கியது. சுதன் வீட்டாரிடம் நான் ஏற்கெனவே நாள் கேட்டுவிட்டேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. பெடியனுக்கு வயது போகிறது. இன்னொரு வருசம் என்றால் யார் காத்திருப்பார்கள்? அவர் பேசி முடித்த சம்பந்தம், என் கால்மிதியால் கலைந்து போவதா?

மயிலுக்குக் கால் தைக்க இருந்தேன். ஒரு கால் தைத்தேன். அது மற்றக் காலைத் தூக்கி நடக்கிற மயில் என்று நிரோவை ஏமாற்றலாமா என்று யோசித்தேன். பெட்டி விளிம்பைக் கையில் எடுத்தேன்; கை வியர்த்து ஓலை ஈரமானது. ரோசாப்பூவுக்குக் கடைசி இதழை வைக்கப்போய், அதைப் பிரித்துத் தாமரையாக்கத் தொடங்கினேன்.

நாள் குறித்தது அவள் காதுக்கும் எட்டியது; அந்த நாளும் கிட்ட வந்தது. நிரோ ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை; பிறகு முகம் கழுவப் போவாள். இந்தப் பக்கம் நான் பாக்கியத்தோடு சேர்ந்து பயற்றம் பணியாரத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தேன். ஓம் கிடைக்காத எழுத்துக்குப் பலகாரம்!

கை தானாக வந்தது

எழுத்துக்குப் பந்தல் வேண்டாம், வாழை வேண்டாம், மேளம் வேண்டாம் என்று முதலே முடிவு. படலையில் ஒரு தோரணமாவது கட்டாவிட்டால் நல்லதில்லை என்று எனக்குப் பட்டது. இப்போது எல்லாரும் பிளாஸ்ரிக் தோரணத்தை வாடகைக்கு எடுத்துக் கட்டுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பளையில் இருந்து வருகிற ஒருவரிடம் சொல்லித் தென்னங்குருத்து எடுப்பித்தேன்.

குருத்தோலைத் தோரணம் எங்களில் ஆண்களின் வேலை. நான் வாழ்நாளில் ஒரு ஓலை மடித்ததில்லை. வீடியோ பார்த்துச் செய்யலாம் என்று போனை எடுத்து வைத்துக்கொண்டு பாயில் இருந்தேன். சார்ஜ் இல்லை. சரி, சார்ஜ் ஏறட்டும் என்று சும்மா ஒரு ஓலையை எடுத்தேன்.

கை தானாக மடித்தது.

மடித்தது, கீறியது, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்தது, இழுத்தது. ஒரு குருவி. அதற்குக் கீழே இன்னொரு குருவி. அதற்குக் கீழே ஒன்று. வாய் பிளந்து பார்த்தேன். அடுத்த ஓலையை எடுத்தேன். அதே மடிப்பு, அதே மூன்று குருவி, அச்சில் வார்த்ததுபோல்.

“எங்கக்கா படிச்சீங்க?” பாக்கியம் வாசலில் நின்று கேட்டாள்.

“எங்கையும் படிக்கேல்லை! பார், பார், கை தானா வருது!”

“எங்க ஊட்டுல மாவிலதாங்க கட்டுவோம். இது என்னமோ கிளி மாதிரி அழகா இருக்கு.”

அந்தப் பின்னேரம் நான் பட்ட சந்தோசத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பாட்டுப் பாடினேன். பாக்கியத்துக்குக் குருவி காட்டினேன். நெஞ்சு படபடக்கவே இல்லை. குருத்தின் கடைசி ஓலைவரை மடித்து, கயிற்றில் கோத்து, நுனியில் முடிச்சுப் போட்டு, மிச்சக் கயிற்றைக் கத்தியால் வெட்டினேன். அவர் போனபின் நான் வெட்டிய முதல் நுனி அது.

நிரோ வேலையால் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். விறாந்தை முழுக்கத் தோரணம் நீட்டி விரித்துக் கிடந்தது.

“முடிச்சிட்டியளோ?”

“முடிச்சிட்டன்.”

“முழுக்கவோ?”

“நுனியைப் பார்.”

அவள் குனிந்து நுனி முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். மற்ற நுனிக்கும் போய்ப் பார்த்தாள். சோதனைத் தாள் திருத்துகிறவளின் நடை, என்னிடம்தான் பழகியிருக்கிறாள். பிறகு ஒரு ஓலையைத் தூக்கிப் பிடித்தாள்.

“ஏனம்மா எல்லாக் குருவியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்குது?”

“வெக்கமடி. கலியாண வீடெல்லே!”

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியும்.

“சரி. நாளைக்கு எழுத்து,” என்றாள்.

“அம்மா இருக்கிறாவோ?”

இப்போது வானுக்கு வருவோம். அது போய்விட்டது, நான் ஊசியிலிருந்து எழும்பி நிற்கிறேன், பாக்கியம் விரித்த கூந்தலோடு படலையடியில் நிற்கிறாள். அறைக்குள் நிரோ சேலைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் அடித்தது. மறுமுனையில் சுதனின் தாய். எனக்கும் கேட்கட்டும் என்று நிரோ சத்தத்தைக் கூட்டினாள்.

“பிள்ளை... பிள்ளை, அம்மா இருக்கிறாவோ?”

“ஓம் மாமி. இங்கைதான் இருக்கிறா.”

“இருக்கிறாவோ?”

“ஓம்.”

“உயிரோடையோ?”

நிரோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் ஒருமுறை என்னைப் பார்த்துக்கொண்டேன்.

“மாமி, என்ன கேக்கிறியள்? அம்மா பன்னீர்ச் செம்போட நிக்கிறா.”

மறுமுனையில் அழுகைச் சத்தம். பின்னால் பெரியப்பாவின் குரல் கேட்டது: “அப்ப ஆர் போனது எண்டு கேள்! பக்கத்து வீடோ எண்டு கேள்! துடக்கு வீட்டுக்குள்ள போகேலாது எண்டு சொல்லு!” சுதனின் குரலும் கேட்டது: “வானைத் திருப்பச் சொல்லுங்கோ முதல்ல!”

கொஞ்ச நேரத்தில் குளத்துப் பக்கத்திலிருந்து வான் திரும்பி வந்தது. படலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. கதவு திறந்ததும் சுதனின் தாய் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. என் முகத்தை, தோளை, கையைத் தடவிப் பார்த்தா. சந்தைக்கு வந்தவர்கள் மரவள்ளிக் கிழங்கைப் பார்ப்பதுபோல்.

“என்ரை தங்கச்சி, நீங்கள் இருக்கிறியள்!”

“ஓம் அக்கா, இருக்கிறன். ஏன் போனனீங்கள்?”

பதில் வருவதற்கு முன் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பதிவாளர். ஹெல்மெட்டைக் கழற்றினார். படலைக்கு மேலே பார்த்தார். பாக்கியத்தின் கூந்தலைப் பார்த்தார். கட்டிப்பிடித்து அழுதுகொண்டு நின்ற எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு தோள் பையை மெதுவாகத் திறந்தார்.

“நான் பிறப்பு, இறப்பு, விவாகம் மூண்டுக்கும் பதிவாளர்,” என்றார் தணிந்த குரலில். “எல்லாப் புத்தகமும் கொண்டுதான் வந்தனான். எதை எடுக்க?”

வானின் முன் கண்ணாடி சரேலென்று இறங்கியது. மீசை வெளியே வந்தது.

“அதைத்தானே நானும் கேக்கிறன்! மேலை பாருங்கோ! மூண்டு குருவி, தலை கீழை! அது செத்த வீட்டுத் தோரணம்! நல்ல காரியத்துக்கு நாலு குருவி, தலை மேலை பாக்கவேணும்! அதோட ஒரு மனிசி தலைவிரி கோலமா வாசலில நிக்குது! நாங்கள் என்னெண்டு நினைக்கிறது?”

பாக்கியம் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு குசினிக்குள் ஓடினாள்.

இரண்டு கைகள்

எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நான் அதை எங்கே படித்தேன் என்று.

என் கணவரைக் கொண்டுவந்து கிடத்திய பிறகு நான் அவருடைய தலைமாட்டில் இருந்தேன். அவருடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. வந்து அழுதவர்களின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. எதிரே கதவு. கதவுக்கு வெளியே முற்றத்தில் யாரோ பாயில் இருந்து குருத்தோலை மடித்துக்கொண்டிருந்தார். ஆள் தெரியவில்லை, கதவு நிலை மறைத்தது. இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. மடிக்கும், கீறும், கோக்கும், இழுக்கும். மறுபடி மடிக்கும். உலகத்தில் நான் பார்க்கக்கூடியதாக அந்தக் கைகள் மட்டும்தான் இருந்தன. எடுக்கிற நேரம் வரைக்கும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்தது எனக்கு நினைவில்லை. என் கைகளுக்கு நினைவிருந்திருக்கிறது.

நான் அழப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தால், சிரிப்பு! மகளின் எழுத்துக்குச் செத்த வீட்டுத் தோரணம் கட்டியிருக்கிறேன், பாட்டுப் பாடிப் பாடிக் கட்டியிருக்கிறேன், குருவிக்கு வெட்கம் என்று வேறு சொல்லியிருக்கிறேன். கணிதம் படிப்பிக்கிறவளுக்கு மூன்றும் நாலும் தெரியவில்லை. படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளைந்து, மூச்சு விட முடியாமல் சிரித்தேன். சுதனின் தாய் எனக்கு ஏதோ வலிப்பு வருத்தம் வந்துவிட்டது என்று பயந்து என் கையிலிருந்த பன்னீர்ச் செம்பைப் பறித்து என் முகத்தில் தெளித்தா. எனக்கு இன்னும் சிரிப்பு வந்தது. அவாவும் பொத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா.

பெரியப்பா சிரிக்கவில்லை. வானை விட்டு இறங்கி, படலைக்கு வெளியே, தோரணத்தின் நிழல் தன்மேல் விழாத இடமாகப் பார்த்து நின்றார்.

“சிரிக்கிறதெல்லாம் சரி. சகுனம் எண்டு ஒண்டு இருக்கு. தகப்பன் இல்லாத பிள்ளை, வாசலில இப்பிடி ஒண்டு. இண்டைக்கு வேண்டாம். அடுத்த மாதமோ, அதுக்கு அங்காலையோ, நல்ல நாள் பாத்து வைப்பம். பிள்ளையும் என்ன சொல்லுது எண்டு கேளுங்கோவன்.”

சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. எல்லாரும் நிரோவைப் பார்த்தார்கள். அவள் பாதி மடிப்புப் பிடித்த சேலையைக் கையால் பொத்திக்கொண்டு விறாந்தையில் நின்றாள். ஒரு வருசம் தள்ளிப்போடுங்கோ என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். இப்போது தலையை ஆட்டினால் போதும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. நான்தான் வழி செய்து கொடுத்திருக்கிறேன்.

அவள் படியிறங்கி வந்தாள். தோரணத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சிரித்த கண்ணீர் இன்னும் என் கன்னத்தில் இருந்தது.

“இண்டைக்குத்தான் எழுத்து, மாமா,” என்றாள்.

“இல்லைப் பிள்ளை, சகுனம்...”

“அம்மா ஒரு வேலையை முடிச்சால் எழுத்துக்கு வாறன் எண்டு நான் சொன்னனான். இவ்வளவு காலத்தில அவா முடிச்சது இது ஒண்டுதான். பிழையா முடிச்சால் என்ன, முடிச்சிட்டா. நான் சொன்ன சொல்லை மாத்தேலாது.” பிறகு என் பக்கம் திரும்பினாள்: “அதோட, இப்பிடிச் சிரிக்கிற ஆளைத் தனிய விட்டிட்டுப் போறதுக்கு எனக்கு இப்ப பயமில்லை.”

பெரியப்பா வாயைத் திறந்தார். சுதன் முந்திக்கொண்டார். அதுவரை வானுக்குப் பக்கத்தில் நின்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு, விறாந்தைக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வந்தார். “கதிரையைப் பாத்து, ஊசி!” என்று நானும் நிரோவும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவர் கதிரையில் ஏறி, தோரணத்தின் ஒரு முனையை அவிழ்த்தார்.

“நல்ல வடிவாத்தானே கட்டியிருக்கிறா, பெரியப்பா. குருவியளுக்கு நித்திரை. அவ்வளவுதான்.”

அவர் அதைச் சுருட்டி, ஒரு ஓலையும் கசங்காமல் நிரோவிடம் கொடுத்தார். அதற்குள் பாக்கியம் கொண்டையோடு மாவிலைக் கொத்தை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். “எங்க வழக்கத்துக்குக் கட்டிருறேங்க. இதுல தல மேல கீழங்கிற பேச்சே கெடையாது.” பெரியப்பாவே கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக் கொடுத்தார். மாவிலையில் அவருக்கு ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கப் பார்த்தார், பாவம்.

சுபநேரம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது பதிவாளர் சரியான புத்தகத்தை விரித்தார். மணமகளின் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார். நிரோ என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். வகுப்பில் கடைசி வாங்குக்குக் கேட்கிறமாதிரிச் சொன்னேன். அவர் எழுதி முடித்து, பக்கத்தில் “காலஞ்சென்ற” என்று போட்டார். பிறகு நிமிர்ந்து, “வேற ஒருத்தரும் போகேல்லைத்தானே?” என்று என்னை ஒரு மாதிரியாகக் கேட்டார். அதோடு எங்கள் அடக்கம் போனது. நான் சிரித்தேன், நிரோ சிரித்தாள், அவளுடைய கையெழுத்தின் வால் கோட்டைத் தாண்டி மேலே ஏறிப்போய் நிற்கிறது. இப்போதும் அந்தப் பத்திரத்தைப் பார்த்தால் தெரியும்.

எல்லாரும் போனபின் வீடு வெறிச்சென்று ஆகும், அப்போது எனக்குள் அந்த நடுக்கம் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். பயற்றம் பணியாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தைப் படியில் இருந்தேன். நிரோ சேலையை மாற்றிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

“அம்மா, கலியாணத்துக்கு ஆர் தோரணம் கட்டுறது?”

கலியாணம் என்ற சொல்லை அவளாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை அந்தச் சொல்லை நான் சொல்வேன், அவள் “பிறகு” என்பாள்.

“ஆரும் கட்டட்டும். நான் இனி ஓலைப் பக்கம் போகமாட்டன்.”

“இல்லை. நீங்கள்தான் கட்டுறியள்.” ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தாள். “நாலாவது குருவியை மட்டும் பழகுங்கோ.”

“தலை மேலை பாக்கிற மாதிரியோ?”

“தலை மேலை பாக்கிற மாதிரி.”

யோசித்துப் பார்த்தேன். ஒரு குருவிதானே.

“பழகுவம்,” என்றேன்.